அசையாத முள்

சூட்டைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. இருபத்தாறு வருடமாக ஹீட்டர் மெக்கானிக். வருடத்தில் ஒன்பது மாதம் பல் தந்தியடிக்கும் எங்கள் ஊரில் பாதி வீடுகள் கதகதப்பாக இருப்பது அடியேன் கைங்கரியம். ஆகவே, போன மாதம் வெயில் வந்து ஊரையே வறுத்து எடுத்தபோது நான் பதறவில்லை. சபதம் எடுத்தேன். சூடாக்கத் தெரிந்தவனுக்குக் குளிராக்கத் தெரியாதா?

ஊரில் தேடினாலும் ஒரு மின்விசிறி கிடையாது. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீடுகள் எல்லாம் சூட்டைப் பிடித்து வைக்கவே கட்டியவை. பிடித்ததை விடுவேனா என்றன.

இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. அப்பா. வயது எண்பத்தொன்று, நெஞ்சில் கோளாறு. டாக்டர் பார்த்துவிட்டு, "ரூம் நாளைக்கும் இப்படிக் கொதிச்சா ஆஸ்பத்திரிதான்" என்று சொல்லிவிட்டார். அப்பா கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி என்றால் அவருக்கு அம்மா போய்த் திரும்பாத இடம்.

என் திட்டம் ரொம்ப எளிது. கீழே பாய்லர் அறையிலிருந்து வெந்நீர் குழாயில் ஏறி, அறைக்கு அறை இருக்கும் இரும்புத் தகடுகளைச் சூடாக்கும். வெந்நீருக்குப் பதிலாகப் பச்சைத் தண்ணீரை ஏற்றினால்? ஒரு டிரம், ஒரு மோட்டார், தீர்ந்தது வேலை!

மனைவியிடம் சொன்னேன். அவள் வீட்டு வாசலிலேயே சலவைக்கடை நடத்துகிறவள். நாள் முழுக்க ஆவியில் நிற்கிறவள்.

"எதுக்குங்க இவ்வளவு? விடியக்காலையில ஜன்னலைத் திறந்துட்டு, வெயில் ஏறினதும் மூடித் திரையைப் போட்டாப் போதும்."

"வெயில் வந்தா திரையை மூடுறதா? உனக்கென்ன பைத்தியமா?"

எங்கள் ஊரில் வெயில் என்றாவது வரும் விருந்தாளி. தலை தெரிந்ததுமே எல்லோரும் திரையை விலக்கிவிடுவோம். பேச்சோடு பேச்சாக என் கை திரையை விலக்கியது. அவள் மூடினாள். நான் மறுபடி விலக்கினேன். அவள் மறுபடி மூடினாள். பிறகு என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

"சரிங்க. உங்க மெஷினையே போடுங்க."

இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"ஆனா ஏதாவது வெடிச்சிட்டா?"

"அதுக்குத்தான் அழுத்தம் காட்டுற முள் இருக்கே. அதைப் பாத்துட்டே இருக்கணும்."

"அப்ப நீங்க கீழயே இருந்துருங்க. சாப்பாடு கொண்டாந்து தர்றேன்."

நான்கு நாள், காலை முதல் மாலை வரை, பாய்லர் அறையில் முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நாற்பதில் நின்ற முள் நின்றதுதான். இம்மி அசையவில்லை. என்ன நேர்த்தி! என்ன கைவண்ணம்! இடையில் மேலே போய்ப் பார்க்கலாமென்று படியில் கால் வைத்தால் அப்பா இருமுவார். உடனே இவள் தட்டோடு படியில் வந்து நிற்பாள். மாலையில் ஏறிப்போனால் வீடு ஜில்லென்று இருக்கும். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்குடா. நாளைக்கும் கீழயே இரு."

நான்காம் நாள் மாலை எதிர்வீட்டு ரிட்டயர்டு தபால்காரர் வெந்த முகத்தோடு வந்தார். அரை மணி நேரம் பெருமை பேசி அனுப்பினேன். அவர் வீட்டுக்கும் ஒன்று செய்யலாமென்று குழாயை அளக்க அடுக்களை மூலைக்குப் போனேன். மேலே தண்ணீர் ஏறும் வால்வு இறுக மூடியிருந்தது. அதன் கைப்பிடியில் என் மனைவியின் தலை ரிப்பனால் ஒரு முடிச்சு வேறு.

"என்ன இது?"

"முதல் நாளே மாமா தலைமாட்டுல ஒழுகுச்சுங்க. மூடிட்டேன்."

மேலே ஏறாத தண்ணீர் நாலு நாளாக டிரம்முக்கும் மோட்டாருக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. முள் எப்படி அசையும்?

"அப்ப வீடு எப்படிக் குளிர்ந்துச்சு?"

"நாலு மணிக்கு எந்திரிச்சு எல்லா ஜன்னலையும் திறப்பேன். ஏழு மணிக்கு நீங்க கீழ போனதும் மூடி, வெளிய கடை பெட்ஷீட்டைக் கட்டிருவேன், சாயங்காலம் நீங்க ஏறி வர்றதுக்குள்ள அவுத்துருவேன். மத்தியானம் மாமாவுக்கு ஈரத்துணியால கை கால் துடைச்சு விடுவேன். அவ்வளவுதான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே! நீங்க மேல இருந்தா உங்க கை சும்மா இருக்குமா?"

அப்பாவைப் பார்த்தேன். "உங்களுக்கும் தெரியுமா?"

"நீ படியேறினா இருமுறது யாரு வேலைன்னு நெனச்ச?"

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. அப்பாவின் முகம் தெளிந்திருந்தது. கட்டில் சட்டத்தை விட்ட கைகள் மடியில் நிம்மதியாகக் கிடந்தன. நாலு நாள் கடையையும் பார்த்துக்கொண்டு, விடியுமுன் எழுந்து, என் அப்பாவை எனக்கு மிச்சம் வைத்திருக்கிறாள் இவள்.

"உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

"அதை விடுங்க. எதிர்வீட்டு அக்கா உங்க மெஷினைக் கேட்டாங்க."

நெஞ்சு விம்மியது. "பாத்தியா! அந்த அம்மாவுக்காவது அதோட அருமை தெரியுதே! நாளைக்கே டிரம்மு, குழாயோட மாட்டித் தர்றேன்."

"குழாயெல்லாம் வேணாமாங்க. முள்ளு மட்டும் இருந்தாப் போதுமாம். அவங்க வீட்டுக்காரரும் திரையைத் திறந்துட்டே இருக்காராம்."