இன்னும் கொஞ்சம் கூட்டுங்க!

மனிதர்களில் 'கூட்டி வைப்பவர்' என்று ஓர் இனம் உண்டு. உங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்பே மின்விசிறியைக் கடைசி எண்ணுக்குத் திருப்பி, பறக்கும் காகிதங்களை நீங்கள் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே தொலைக்காட்சியின் சத்தத்தை ஏற்றி, சமையலறைக்குள் எட்டிப் பார்த்து "அடுப்பு ஏன் இப்படி அழுது வடியுது?" என்று தீயையும் தூக்கிவிட்டு, பால் பொங்கி வழிந்ததும் "பாத்திரம் சின்னது" என்று தீர்ப்புச் சொல்பவர். அவர் கை பட்ட குமிழ் எதுவும் ஒரு திசையில்தான் திரும்பும். மேலே.

எங்கள் தெருவில் இந்த இனத்தின் பிரதிநிதி ஒரு டயர் கடைக்காரர். காற்றடிக்கும்போது வண்டிக்காரர் "போதும்" என்ற பிறகும் ஓர் அழுத்து அழுத்துவார். டயர் வெடித்தால், "டயர்ல தெம்பு இல்ல சார்" என்பார். ஊரே அவரைக் காற்று மாமா என்கிறது. அவருக்கு அதில் பெருமை.

மாமாவின் மைத்துனர் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவர். இருக்கிற இடம் தெரியாத மனிதர். காய்ச்சலும் இருமலுமாக நடமாடிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் மாடிப்படியில் மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நிமோனியா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் சேர்த்தார்கள். அவருடைய அக்கா, அதாவது மாமாவின் மனைவி, வராந்தா நாற்காலியில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் கூட இருந்தேன்.

மாமா கண்ணாடி வழியாகப் பார்த்தார். மைத்துனரின் மார்பு ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கண் கலங்கியிருக்கும். மாமாவுக்குத் தொழில் கோபம் வந்தது.

"டாக்டரம்மா, காத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுங்க. கொசு கொட்டாவி விடற மாதிரி இருக்கு."

நுரையீரல் டாக்டர் பொறுமைசாலி. "வேணும்னுதான் சின்னச் சின்ன மூச்சா குடுக்கறோம். அவரு நுரையீரல் வீங்கி, பாதி இடத்துல நீர் கோத்திருக்கு. மிச்சமிருக்கிற நல்ல இடத்துக்குத்தான் காத்து போகும். பெரிய மூச்சா தள்ளினா அந்த இடமும் அளவுக்கு மீறி விரிஞ்சு வீங்கிடும். அந்த வீக்கத்தோட விஷம் ரத்தத்துல கலந்து கிட்னி வரைக்கும் போயிடும்."

"நல்லா ஓங்கி அடிச்சா நீர் தானா ஓடிடாதா?"

"சார், அது நுரையீரல்."

"இருக்கட்டுமே. காத்து காத்துதானே?"

இதற்கு எந்த மருத்துவப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? டாக்டர் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஆக்சிஜன் அளவு தொண்ணூறு என்றார்கள். "நூறு இல்லையா? மிச்சம் பத்து எங்க போச்சு?" என்று துப்பறிந்தார் மாமா. அதற்கடுத்த நாள் மைத்துனரைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். முதுகுப் பக்கத்து நுரையீரல் திறந்துகொள்வதற்காக என்று நர்ஸ் விளக்கினார். "பஞ்சர் தேடறாங்க, எனக்குத் தெரியாதா?" என்று என் காதைக் கடித்தார் மாமா. இதற்கிடையே வராந்தாவில் காத்திருந்த மற்றவர்களுக்கெல்லாம் அவரே ஆலோசகர் ஆகிவிட்டார். "உங்க ஆளுக்கு எவ்வளவு வெச்சிருக்காங்க? கூட்டச் சொல்லுங்க, விடாதீங்க!" கால் முறிந்த தம்பியைப் பார்க்க வந்த ஒருவர்கூடத் தலையாட்டிவிட்டு, காற்றைக் கூட்டச் சொல்லி உள்ளே போனார்.

பிறகு அது நடந்தது. மைத்துனரை மறுபடி மல்லாக்கப் படுக்க வைத்திருந்த ஒரு பகல், எங்கள் மூவரையும் உள்ளே விட்டார்கள். நர்ஸ் மருந்து எடுக்கத் திரும்பினார். மேல்நோக்கி அம்பு போட்ட ஒரு பொத்தான் மாமாவின் கண்ணில் பட்டது. மேல்நோக்கி அம்பு! சும்மா இருப்பாரா? அழுத்தினார்.

அது கட்டிலின் பொத்தான். தலைமாடு எழுந்தது. கூடவே மைத்துனரும் எழுந்தார்.

"எழுந்திரிக்கறான்! பாருங்க, எழுந்திரிக்கறான்!" என்று மாமா கூத்தாட, குழாய் விறைக்க, அலாரம் அலற, நர்ஸ் பாய்ந்து வந்து கட்டிலை நிறுத்தி, குழாயைப் பிடித்துக்கொண்டு டாக்டரைக் கத்திக் கூப்பிட்டார். நல்லவேளை, குழாய் கழன்றிருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் கழன்றிருக்கும் என்றார் டாக்டர், மாமாவின் முகத்தைப் பார்க்காமல்.

அப்போதுதான் அந்த அம்மாள் வாய் திறந்தார்.

"ஏங்க, இத்தனை வருஷமா வீட்டுல எதையெதையோ கூட்டினீங்க, நான் ஒரு வார்த்தை பேசல. இவன் என் தம்பி. டயர் இல்ல. வெளியே போங்க."

மாமா போனார். வராந்தாவில் போய்ப் பார்த்தேன். இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். "பயமா இருக்குய்யா. பயந்தா என் கை தானா மேல போயிடுது" என்றார். அதற்கு மேல் நான் எதைச் சொல்லிக் கேலி செய்வது?

சின்னச் சின்ன மூச்சாகவே நாட்கள் போயின. வீக்கம் வடிந்தது. குழாயை எடுத்தார்கள். மாமா உள்ளே நுழைந்து, "மாப்ளே, எப்படி இருக்கே?" என்று கட்டிடம் அதிரக் கேட்டார். மைத்துனரின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. "கொஞ்சம் சத்தமா..." என்று தொடங்கிய மாமா, மனைவியின் கண்ணைப் பார்த்து நிறுத்தி, குனிந்து, தன் காதை மைத்துனரின் வாயருகே கொண்டுபோனார். அவர் அப்படிச் செய்து அன்றுதான் பார்த்தேன்.

"மாமா... அக்காவை வரச் சொல்லுங்க" என்றார் மைத்துனர்.

திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுவாரமே, தான் போட்ட சத்தத்தில்தான் மைத்துனர் பிழைத்தார் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

சிரியுங்கள். ஆனால், இந்தச் சித்திரம் இத்துடன் முடிகிறது என்றதும், "அவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாமே!" என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? எதற்கும், 'நானும் அந்த இனம்தானா?' என்று வீட்டில் இருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு "சேச்சே, நீங்களா!" என்றார்களானால், சந்தேகமே வேண்டாம்.