சமதரையில் தடுமாறிய ஜப்பான்

இலங்கையில் இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் அத்தனை பஸ்களிலும், மலைப்பாதை வளைவில் எதையும் பிடிக்காமல் நிற்கக்கூடிய கண்டக்டர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் எங்கள் பஸ்ஸில் இருக்கிறார். நம்பாதவர்கள் மாலையில் பதுளை பஸ் நிலையத்துக்கு வந்து ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறட்டும். முதல் வளைவில் யார் யார் மடியில் விழுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கும் இருக்கும். எங்களுக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் ‘ஜப்பான்’. பாஸ்போர்ட் கிடையாது. கடலையே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், அதுவும் திருகோணமலைக்கு டிரிப் போனபோது தூரத்திலிருந்து.

நான் பதுளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். பொறுமை என் ரத்தத்திலேயே இல்லை. பஸ் ஏறினால் உடனே கிளம்ப வேண்டும், கிளம்பினால் உடனே வீடு வர வேண்டும். அப்படிப்பட்டவன் முதன்முதலில் இந்த பஸ்ஸில் ஏறிய அன்று, இருக்கைகளுக்கு நடுவே ஒரு மனிதர் கால் விரல்களை உள்பக்கம் திருப்பி, முழங்காலை மடக்கி, வயிற்றை எக்கி நின்றுகொண்டு ‘ஹ்ஹ்ஹாஆ’ என்று மூச்சுவிடுவதைப் பார்த்துப் பதறிப்போனேன்.

“அண்ணே, பையில இன்ஹேலர் இருக்கு, தரவா?”

“இது இழுப்பு இல்லைங்க சார்,” என்றார் அவர், என் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே. “சஞ்சின். கோஜு ரியூ கராத்தேல மூச்சு இப்படித்தான். எங்க போறீங்க?”

அவரால் சும்மா இருக்க முடியாது. மிச்சக்காசு கொடுக்கிற கை போகிற போக்கில் ஒரு தடுப்புப் போடும். ஜன்னலை மூடச் சொன்னால் முழங்கையால் மூடுவார். பஸ் கிளம்ப எல்லா ஊர்க் கண்டக்டரும் ‘ரைட்’ என்பார்கள், இவர் ‘ஹஜிமே!’ என்பார். நிற்க வேண்டுமானால் ‘யமே!’

“எனக்கு ரைட்டுன்னு சொன்னா போதும்டா,” என்று டிரைவர் செல்லையா அண்ணன் தினமும் கத்துவார். “நான் பஸ் ஓட்டுறேனா, குஸ்தி நடத்துறேனா?”

“குஸ்தி இல்லண்ணே, கராத்தே. ஹஜிமே!”

இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை, அவர் சொல்லும் சரித்திரம். மாலை பஸ் கிளம்பியதும் தன் கராத்தே முறை பிறந்து வளர்ந்த கதையை ஆரம்பிப்பார். ஒக்கினாவா என்றொரு தீவு, அதில் நாஹா என்றொரு துறைமுகம், அங்கிருந்து ஒரு வாலிபர் சண்டை படிக்கச் சீனாவுக்குக் கப்பலேறுகிறார். இதற்குள் பஸ் நிற்கிற முதல் இடம், முதல் ஹோல்ட், வந்துவிடும். சீனாவில் மூங்கில் வேலை செய்கிற ஒரு குரு அவருக்கு அடிக்கக் கற்றுக்கொடுக்காமல், நிற்கவும் மூச்சுவிடவும் மட்டும் வருஷக்கணக்கில் கற்றுக்கொடுக்கிறார். அது கோயில் வளைவு வரை. அவர் ஊர் திரும்புகிறார், அவருடைய சீடர் அந்த வித்தையைப் பட்டை தீட்டுகிறார். அது தேயிலைத் தொழிற்சாலை வரை. பெயர் வைத்த கதை கடைசி ஹோல்ட்டுக்குத்தான்.

ஆக, இறங்குகிற இடத்தைப் பொறுத்துத்தான் ஒவ்வொருவருக்கும் கராத்தே தெரியும். கோயில் வளைவுக்காரர்கள் அது சீனத்துச் சரக்கு என்று அடித்துச் சொல்வார்கள். கடைசி ஹோல்ட்காரர்கள் சுத்த ஜப்பான் என்பார்கள். ஒரு கல்யாண வீட்டில் இந்த வாக்குவாதம் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய், சாப்பாடு வந்த பிறகுதான் அடங்கியது. சந்தையில் மரக்கறி விற்கும் மேரியக்கா பாவம், முதல் ஹோல்ட்டிலேயே இறங்குகிறவள்.

“ஏன்டா ஜப்பான், அந்தப் பையன் இன்னும் கப்பல்லயாடா இருக்கான்? கரையேத்துடா அவன, புண்ணியமா போகும்!”

“நீங்க இன்னும் ரெண்டு ஹோல்ட்டுக்கு டிக்கெட்ட கூட்டி எடுங்கக்கா, ஏத்துறேன்.”

ஒரு நாள் பஸ்ஸில் கடைசியாக நானும் அவரும் மட்டும் மிஞ்சினோம். ஜப்பானுக்கு ஒரே ஓர் ஆசை, கறுப்புப் பட்டி. இளவயதில் பதுளையில் படித்து கறுப்புக்கு முந்திய மண்ணிறப் பட்டிவரை வந்துவிட்டார். பிறகு பஸ் வேலை. கூடப் படித்தவர்கள் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் வகுப்பு நடத்துகிறார்கள். இவர் பஸ்ஸிலேயே பயிற்சி செய்கிறார்.

“இந்தத் தடவ பரீட்சைக்குப் போறேன் சார்,” என்றார். வழக்கமான துள்ளல் குரலில் இல்லை. “அந்தப் பட்டி கெடைக்காம போச்சுன்னா, எல்லாரும் என்னை ஜப்பான்னு கூப்புடுறது வெறுங் கேலின்னு ஆயிரும்.”

கேலியாகத்தான் நாங்கள் கூப்பிட ஆரம்பித்தோம் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பதுளையில் ஒரு மண்டபத்தில் பரீட்சை. நானும் செல்லையா அண்ணனும் போயிருந்தோம். ‘சும்மா இந்தப் பக்கம் வந்தேன்’ என்றார் அண்ணன், இஸ்திரி போட்ட சட்டையோடு. கொழும்பிலிருந்து வந்த பரீட்சகர் ஜப்பானை நடுவில் நிறுத்தி, சஞ்சினைச் செய்யச் சொன்னார்.

கால் விரல் உள்ளே, முழங்கால் மடக்கு, ‘ஹ்ஹ்ஹாஆ’. அருமையான ஆரம்பம். ஓர் எட்டு வைத்தார். உடம்பு மெல்ல இடதுபக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. அடுத்த எட்டில் வலதுபக்கம் சாய்ந்தது. மண்டபத்தில் சலசலப்பு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், செல்லையா அண்ணனின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

“கோயில் வளைவு சார்,” என்று முணுமுணுத்தார். “எடுத்துட்டான். அடுத்தது பெரிய வளைவு. ஐயோ, மெதுவாடா!”

ஸ்பிரிங்வெளிப் பாதை முழுவதையும் அந்த மனிதர் உடம்பில் வைத்திருந்தார். வருஷக்கணக்கில் ஆடுகிற பஸ்ஸில் நின்று பழகிய உடம்பு, ஆடாத தரையில் என்ன செய்யும்? பெரிய வளைவு வந்தது. முழு வேகத்தோடு அதற்குச் சாய்ந்து கொடுத்தார். அங்கே வளைவு இல்லை. தொபுக்கென்று விழுந்தார்.

பரீட்சகர் கைகொடுத்து எழுப்பினார். சிரிக்கவில்லை, அது அவருடைய நல்ல குணம். “நிலம் ஆடல்லயே, நீங்க ஏன் ஆடுறீங்க? மூச்சு நல்லா இருக்கு. சமதரையில நல்லாப் பழகிட்டு அடுத்த தடவை வாங்க.”

மறுநாள் பஸ்ஸில் ஏறினால், ஜப்பான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்! ‘ரைட்’ என்கிறார். மிச்சக்காசு வெறும் மிச்சக்காசாக வருகிறது. ஒக்கினாவா இல்லை, சீனா இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும் எனக்கு. கால் ஆடிக்கொண்டே இருந்தது, கடிகாரத்தைப் பார்த்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். எல்லோருக்கும் அதே அவஸ்தை. மேரியக்கா இறங்கும்போது கப்பலைப் பற்றிக் கேட்க வாயெடுத்துவிட்டு, கேட்காமல் இறங்கிப் போனாள்.

அந்த வாரக் கடைசியில், தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்துக்கு முன்னால் செல்லையா அண்ணன் திடீரென்று பஸ்ஸை நிறுத்தினார். எங்கள் மலையில் மேசைபோலச் சமமான இடம் அதன் சிமெந்து முற்றம் ஒன்றுதான்.

“டயர் சூடாயிருச்சு. கொஞ்சம் ஆறட்டும்,” என்றார். பிறகு கண்ணாடியில் பார்த்து, “ஏன்டா, உள்ள நின்னு என்ன செய்யிற? எறங்கி அந்த முத்தத்துல நில்லு, சும்மா.”

ஜப்பான் அவரையே பார்த்தார். பிறகு இறங்கினார். செருப்பைக் கழற்றினார். மழை தூறிக்கொண்டிருந்த குளிரில் முற்றத்தின் நடுவில் போய் நின்று, ‘ஹ்ஹ்ஹாஆ’ என்றார்.

முதல் நாள் நாங்கள் ஏசாத ஏச்சில்லை. பிள்ளைக்குப் பால்மா கொண்டுபோக வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், எடுங்கண்ணே, எடுங்கண்ணே! எல்லோரையும்விட உரக்கக் கத்தியவன் நான்தான். மறுநாளும் டயர் சூடானது. அதற்கு மறுநாளும். ஐப்பசி மழையில் எந்த டயர் சூடாகும் என்று யாருமே கேட்கவில்லை. கொஞ்ச நாளில் ஏச்சு குறைந்து, ஜன்னல் வழியாக ஆலோசனை கிளம்பியது.

“இடது தோள் எறங்குதுடா ஜப்பான்!”

“வளைவே இல்லடா அங்க, நேரா நில்லு!”

மேரியக்கா தன் ஹோல்ட்டில் இறங்காமல் மடுவம்வரை வந்து பார்த்துவிட்டு, வெறுங்கூடையோடு திரும்பி நடந்தாள். கதையும் மீண்டும் ஆரம்பித்திருந்ததால் சீனாவில் கரையேறிய விஷயம் அவளுக்குத் தெரிந்தது. “அப்பாடா,” என்றாள்.

அடுத்த பரீட்சையில் ஜப்பான் கறுப்புப் பட்டி வாங்கினார். ஆடவில்லை, விழவில்லை. செல்லையா அண்ணன் மட்டும் கடைசிவரை பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காக்கிச் சட்டைக்கு மேல் பட்டியைக் கட்டிக்கொண்டு டிக்கெட் கிழித்தார் ஜப்பான். கையில் கொத்தமல்லிக் கட்டு வைத்திருந்த ஒருவர் அதையே மாலையாகப் போடப் பார்த்தார். கறுப்புப் பட்டியிலும் அடுத்த படிக்குப் பரீட்சை உண்டாம். அதனால் டயர் இன்னமும் சூடாகிறது.

போன வாரம் ஜப்பானுக்குக் காய்ச்சல். என் கடையிலிருந்துதான் மருந்து போனது. பஸ்ஸில் வேறொரு கண்டக்டர், நல்ல பையன், கம்பியைப் பிடித்து நின்று ‘ரைட்’ சொல்கிற பையன். மடுவம் வந்தது. பஸ் நின்றது.

“என்னண்ணே, யாரும் பெல் அடிக்கலயே?” என்றான் அவன்.

செல்லையா அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கால் தானா பிரேக்குக்குப் போயிருச்சு,” என்றார். ஆனாலும் அவர் பஸ்ஸை எடுக்கவில்லை. பஸ் நிறைய ஆட்கள், ஒருவர்கூட ‘எடுங்க’ என்று சொல்லவில்லை. பொறுமையே இல்லாத நானும் சொல்லவில்லை. மழையில் நனைந்துகொண்டிருந்த அந்த வெறும் முற்றத்தை, வழக்கமாக ஜப்பான் பயிற்சியை முடித்துவிட்டு ஏறிவருகிற நேரம்வரை, எல்லோருமாகப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.