நாலாம் நம்பர் மெஷினும் சிலை சாரும்

சென்னைக்குத் தெற்கே பேயைப் பார்த்து ஓடியவர்கள் ஏராளம். பேய் கூச்சப்படாமல் வெளியே வரட்டும் என்று, தன்னையே ஆள் இல்லாத மாதிரி ஆக்கிக்கொண்டு காத்திருந்த ஒரே மனிதர் எங்கள் சிலை சார்தான். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தப் பேயை எனக்கு நேரிலேயே தெரியும்.

சிறுசேரியில் எங்கள் ஆபீஸின் மூன்றாவது மாடியில் ஜன்னலே இல்லாத ஒரு லேப் இருந்தது. ஆள் அசைந்தால் லைட் எரியும், ஐந்து நிமிஷம் அசைவில்லை என்றால் தானாக அணைந்துவிடும். நீங்கள் கதவைத் திறப்பீர்கள், கும்மிருட்டாக இருக்கும். ஒரு காலை உள்ளே வைத்ததும் பளிச்சென்று லைட் எரியும். ஒரு கஜம் தூரத்தில் நாற்காலியில் ஒரு மனிதர் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். "வா தம்பி" என்பார். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டையே விட்டுவிட்டான்.

அவர்தான் சிலை சார். ஐம்பத்திரண்டு வயது, கிழக்குத் தாம்பரத்தில் வீடு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்ததாகக் கேள்வி. ஒருநாள் சாயங்காலம் கம்பெனி பஸ் கடைசி ஸ்டாப்பான தாம்பரத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டு, ஊரப்பாக்கத்தில் ஷெட்டுக்குப் போய்விட்டது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தால் நாலாவது வரிசையில் ஒரு தலை. அலறியடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். சிலை சார் அதன் பிறகுதான் எழுந்து, "தாம்பரம் வந்தாச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்ப்யூட்டரில் பத்து ப்ரோகிராம் ஓடினால், எதற்கு எவ்வளவு மெமரி கொடுப்பது, எப்போது திருப்பி வாங்குவது என்று பார்த்துக்கொள்வது ஆபரேட்டிங் சிஸ்டம். அது ஒழுங்காகப் பங்கு போடுகிறதா என்று, ஆள் இல்லாமலே தானாக ஓடிப் பார்த்துச் சொல்லும் டெஸ்டுகள் எங்கள் பொறுப்பு. தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு. மெமரி டெஸ்டுகளின் சுபாவம் என்னவென்றால், காலையில் பச்சை காட்டியது மத்தியானம் சிவப்பு காட்டும். யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கு நாங்கள் ஒரு சம்பிரதாயம் வைத்திருந்தோம். சிவப்பு வந்தால் மூன்று தடவை ஓட்டுவோம், மூன்றில் ஒன்று பச்சை வந்தால் பச்சை என்றே எழுதுவோம். அதற்கும் மசியாத டெஸ்டுக்கு நடுவில் 'பத்து செகண்ட் சும்மா இரு' என்று ஒரு வரி சேர்ப்போம். டீமுக்கு வருகிற ஒவ்வொருவரும் மொய் எழுதுகிற மாதிரி தன் பங்குக்குப் பத்து செகண்ட் சேர்த்ததில், ஒரு டெஸ்ட் ஏழு நிமிஷம் தூங்கிவிட்டு இரண்டு செகண்ட் வேலை பார்த்தது.

சிலை சார் எங்கள் டீமுக்கு வந்தார், எல்லாத் தூக்கத்தையும் வெட்டினார். "வேலை முடிஞ்சுதான்னு அதையே கேளு. முடிஞ்சா போ. தூங்கிக்கிட்டிருந்தா எப்படித் தெரியும்?" என்றார். அத்தோடு விட்டாரா? "டெஸ்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு மெமரி காலியா இருக்குன்னு பாத்தியா? இடமே இல்லாதப்ப தோத்தா அது தோல்வியா?" என்று ஒவ்வொருவரையும் உலுக்கினார். மூன்றில் ஒன்று சம்பிரதாயத்தையும் ஒழித்தார். நாங்கள் அவரை மனதாரத் திட்டினோம்.

இரண்டு மாதத்தில் எல்லா மெஷினும் ஒழுங்குக்கு வந்தன, நாலாம் நம்பரைத் தவிர. அது மட்டும் ஆள் இருந்தால் தேறும், ஆள் இல்லாவிட்டால் தோற்கும். லேபில் யாராவது அதில் வேலை பார்த்துக்கொண்டிருந்தால் பச்சை. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டு வந்தால் சிவப்பு. என்ன ஆயிற்று என்று கீபோர்டைத் தொட்டு மறுபடி ஓட்டினால், உங்கள் கண்ணெதிரிலேயே பச்சை. அதன் மெமரியில் ஒரு பங்கை யாரோ எடுத்திருப்பதாக டெஸ்ட் சொன்னது. நாங்கள் போய்ப் பார்க்கும்போது எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தது.

ஆயுத பூஜையன்று அதற்கு மட்டும் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தோம். லேபைப் பெருக்கும் செல்வி அக்கா அதற்குப் பிறகு தனியாக உள்ளே போக மறுத்துவிட்டார். "அந்த ரூம்ல இன்னாமோ கீது சார். நான் பெருக்கிகினு இருந்தேன், பொட்டி தானா மூச்சு வாங்குது. திரும்புனா மூலையில உங்க சிலை சாரு. எது பேயின்னே தெர்ல" என்றார். அக்கா சொன்னது உண்மை. ஆளில்லாத நேரத்தில் நாலாம் நம்பரின் காற்றாடி திடீரென்று வேகமாகச் சுற்றும், பிறகு அடங்கிவிடும். கதவுக்கு வெளியே நின்று நானே கேட்டிருக்கிறேன். கை ரோமம் நட்டுக்கொண்டது.

புது ஆபரேட்டிங் சிஸ்டம் ரிலீஸாகும் நாள் நெருங்கியது. நாலாம் நம்பருக்குப் பச்சை போட்டுக் கையெழுத்திடச் சொன்னார் மேனேஜர். சிலை சார் மாட்டேன் என்றார். "நான் பாக்காத பச்சையை எழுத மாட்டேன் சார்." மேனேஜருக்கு வயது முப்பத்தைந்து, பொறுமை அதைவிடக் குறைவு. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சார் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் இந்தத் தொழிலிலிருந்து வெளியே போனால் திரும்பக் கூப்பிட ஆள் கிடையாது. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை மத்தியானம் சிலை சார் என்னை லேபுக்குக் கூப்பிட்டார். நாலாம் நம்பரின் பின்னாலிருந்து ஒரு நீள ஒயர் மூலையில் இருந்த அவருடைய லேப்டாப்புக்கு வந்திருந்தது. அந்த மெஷினைத் தொடாமலே அதன் மெமரியைப் பார்க்க அப்படி ஒரு ஏற்பாடு.

"உக்காரு. அசையாதே. ஆள் இருக்குன்னு அதுக்குத் தெரியக் கூடாது."

"எதுக்கு சார் தெரியக் கூடாது?"

"அது யாருன்னு தெரிஞ்சா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்?"

உட்கார்ந்தோம். ஐந்து நிமிஷத்தில் லைட் அணைந்தது. லேப்டாப்பில் ஒரே ஒரு எண் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது, மீதியிருக்கும் மெமரி. ஏசி சத்தம் தவிர ஒன்றுமில்லை. பக்கத்தில் சார் மூச்சு விடுகிறாரா என்பதே சந்தேகமாக இருந்தது. மூக்கு அரித்தது, பொறுத்துக்கொண்டேன். பத்தாவது நிமிஷம் இருட்டுக்குள் நாலாம் நம்பரின் காற்றாடி மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. எண் இறங்கியது. யாரோ அறைக்குள் வந்து, எங்களைத் தாண்டிப் போய், சாவகாசமாக அள்ளிக்கொள்கிற மாதிரி இறங்கிக்கொண்டே போனது. நான் சார் கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எண்ணுக்குக் கீழே, மெமரியை எடுத்த ப்ரோகிராமின் பெயரும் அதற்குச் சொந்தக்காரரின் பெயரும் வந்தன. ப்ரோகிராம்: துடைப்பம். சொந்தக்காரர்: நான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது அது. பழைய ரிசல்ட் ஃபைல்கள் குப்பையாகச் சேர்கின்றனவே என்று, பத்து நிமிஷம் யாரும் கீபோர்டைத் தொடாவிட்டால் எழுந்து கூட்டிப் பெருக்கும்படியும், யாராவது தொட்டால் தொந்தரவு தராமல் உடனே போய்விடும்படியும் ஒரு சின்ன ப்ரோகிராம். மரியாதையான ப்ரோகிராம். நாலாம் நம்பரில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு, வைத்ததையே மறந்துவிட்டேன். இரண்டு வருஷமாக ஆளில்லாத அறையில் எழுந்து நடமாடியது நானேதான். அந்த இருட்டில் என் பெயரைப் பார்த்தபோது வந்த நடுக்கம் வேறு எந்தப் பேயைப் பார்த்தாலும் வராது.

சிலை சார் லேப்டாப்பை மூடினார். "சாப்பிட்டியா?" என்றார். நான் இல்லை என்றேன். "போய்ச் சாப்பிடு" என்றார்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் காரணத்தை அழகாக விளக்கினார். மேனேஜர் கேட்டார், "சரி, அதை வெச்சது யாரு?"

"பழைய ப்ரோகிராம் சார். வேலையை விட்டுப் போனவங்க யாரோ."

ஒரு பொய்ப் பச்சைக்குக் கையெழுத்துப் போட மறுத்த மனிதர், முகம் மாறாமல் சொன்னார். அந்த மாதம் எனக்குப் ப்ரமோஷன் கடிதம் வர இருந்தது அவருக்குத் தெரியும்.

"யாரோன்னா எப்படி சார்? லேப் உங்க பொறுப்பு. யாரோ வெச்சுட்டுப் போவாங்க, உங்களுக்கே தெரியாதுன்னா, அப்புறம் உங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

சார் என் பக்கம் திரும்பவில்லை. ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட நான் வீம்புக்கு வாயை மூடிக்கொண்டிருப்பேன், அவ்வளவு நல்லவன் நான். அவர் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், அது என்னோடது" என்றேன்.

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் சிலை சார் நாற்காலியோடு திரும்பினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஏன் தம்பி, இத்தனை வயசுக்கு முதல் தடவையா ஒரு பொய் ரிசல்ட் குடுத்தேன். ரெண்டு நிமிஷம் நிக்க விட்டியா?"

மேனேஜரே சிரித்துவிட்டார். சிலை சார் வேலையில் நீடித்தார். என் ப்ரமோஷன் அந்த வருஷம் வரவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தோளில் கையை வைத்தார். கேளம்பாக்கம் போனது, வண்டலூர் போனது. தாம்பரம் வரைக்கும் அந்தக் கை அசையவே இல்லை. அசைய வேண்டாம் என்றுதான் எனக்கும் இருந்தது.