பட்டன்தான் பாக்கி

தலைமையாசிரியையின் அளவுச் சீட்டு டீ கிளாஸின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தேடித்தான் டெய்லர் அரை மணி நேரமாகத் தையல் மெஷினுக்குக் கீழே தவழ்ந்துகொண்டிருந்தார்.

"நாளைக்கு, பத்தாம் தேதி காலைல, ஸ்கூல் ஆண்டு விழா. அந்தம்மா கோட்டை நீங்க இன்னும் வெட்டவே இல்ல," என்றாள் மனைவி. "கோட் நல்லா வந்தா யூனிஃபார்ம் ஆர்டர் மொத்தமும் நமக்குன்னு சொல்லியிருக்காங்க. அறுநூறு பிள்ளைங்க! நீங்க என்னடான்னா அளவை டீயில ஊற வெச்சிருக்கீங்க."

"அதான் கிடைச்சிடுச்சே."

"எல்லாச் சீட்டையும் முதல்ல போன்ல ஏத்துங்க. அப்புறம்தான் கத்தரி!"

போன் அடித்தது. தலைமையாசிரியையேதான்.

"டெய்லர், கோட் ரெடியா?"

"பட்டன்தான் பாக்கி மேடம்!"

துணி பைக்குள் மடிப்புக் கலையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

ஆப் பார்த்துக் கொடுக்க மச்சினன் வந்தான். செல்போன் கடையில் மூன்று மாதம் வேலை பார்த்தவன். அன்றிலிருந்து குடும்பத்துக்கே அவன்தான் விஞ்ஞானி.

"இது இலவசம், மாமா. கண்ணை மூடிக்கிட்டு போடுங்க."

ஐம்பது குறிப்பு வரைக்கும்தான் இலவசமாம். ஐம்பத்தோராவதாக வந்த மளிகைக்கடைக்காரரின் தொப்பை வாசலிலேயே நின்றுவிட்டது.

"அப்ப இது, மாமா. எத்தனை வேணா எழுதலாம்."

எழுதலாம்தான். எழுதியதைப் படிக்கத்தான் விளம்பரம் பார்க்க வேண்டும். பேங்க் மேனேஜர் சட்டை தைக்க வந்து, பழைய அளவைச் சரிபார்க்கக் கையைத் தூக்கி நின்றார். கழுத்தளவைத் திறந்தால் திரையில் ஒரு பெண் முப்பது வினாடி பல் தேய்த்தாள். கை நீளத்துக்கு மறுபடியும் தேய்த்தாள்.

"நான் அப்புறமா வரேன்," என்று மேனேஜர் தூக்கிய கையை இறக்கிக்கொண்டு போய்விட்டார்.

மணி நாலு. துணி பைக்குள்ளேயே இருந்தது.

"டேய், உன் அக்கா முகத்துக்காகப் பார்க்கறேன்!"

"இது கடைசி, மாமா. காசும் இல்ல, விளம்பரமும் இல்ல. கஸ்டமர் போன் நம்பரைப் போட்டு, கீழ அளவை எழுதுங்க. அவ்ளோதான்."

டெய்லரின் சீட்டில் எப்போதும் இரண்டு அளவு இருக்கும். ஒன்று வெட்டுகிற அளவு, இன்னொன்று வாயால் சொல்லுகிற அளவு. இருபது வருஷத் தொழில் ரகசியம் அது. தலைமையாசிரியையின் சீட்டை வரி விடாமல் ஏற்றினார்: 'இடுப்பு 44. சொல்வது 40. மூச்சை இழுத்துப் பிடிப்பார். பேச்சுக் கொடுத்து, விட்டதும் அளக்கவும்.'

அறுபத்திரண்டு சீட்டும் ஏறின. கீழே பச்சையாக ஒரு பட்டன், 'முடிந்தது' என்றது. நிம்மதியாக அழுத்தினார்.

'62 குறிப்புகள் உரியவர்களுக்கு அனுப்பப்பட்டன.'

"அடப்பாவி! என்னடா இது?"

"அட, இந்த வசதிகூட இருக்கா!" என்று மச்சினன் வியந்தான். வியந்துகொண்டே செருப்பைத் தேடினான்.

முதலில் மளிகைக்கடைக்காரர் கூப்பிட்டார். "யாருய்யா பூசணிக்கா?"

டெய்லர் போனை அணைத்து, துணிக்குவியலுக்குள் புதைத்தார். நிமிர்ந்தால் வாசலில் தலைமையாசிரியை, கையில் போனோடு.

டெய்லருக்கு அறுநூறு யூனிஃபார்மும் அணிவகுத்துத் தெருவைத் தாண்டிப் போவது போலிருந்தது.

"மேடம்... அந்த இடுப்பு..."

"படிச்சேன்."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று டெய்லர் வாயைத் திறந்தார்.

"மேடம், உண்மையைச் சொல்லிடறேன். கோட்டை இன்னும் வெட்டவே இல்ல. நாளைக்கு விழாவை வெச்சுக்கிட்டு... துரோகம் பண்ணிட்டேன் மேடம்!"

அந்தம்மா கோபப்படவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தன் போனைத் திறந்தார். அதிலும் அதே ஆப். ஒரு குறிப்பைத் தொட்டு டெய்லர் முன்னால் நீட்டினார்.

'டெய்லர். "பட்டன்தான் பாக்கி" என்றால் துணியையே எடுக்கவில்லை என்று அர்த்தம். விழா 25. சொல்வது 10.'

"நாற்பத்தி நாலுன்னே வெட்டுங்க," என்றார், இழுத்துப் பிடித்திருந்த மூச்சை மெதுவாக விட்டபடி. "இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு."