அக்காவுக்கு ஒரு ரூம்

"இன்னும் கொஞ்சம் தம் கட்டித் தள்ளுங்க" என்றாள் மனைவி.

ஆயிடும் சார் தோளைக் கொடுத்துத் தள்ளினார். பின்னறையை ஒட்டிய குளியலறையின் கதவு, நிலைக்குள் முக்கால்வாசி போய், அதற்கு மேல் நகர மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. சரி, இழுத்துப் பார்ப்போம் என்று இழுத்தால் பின்னாலும் வரவில்லை. உள்ளே மனைவி, வெளியே அவர்.

"கதவு சாத்த மாட்டேங்குதுன்னு சொன்னேன். இப்ப திறக்கவும் மாட்டேங்குது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பதறாதே. ஆயிடும்."

இந்த ஒரு சொல்லால்தான் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. கம்ப்யூட்டர் நின்றாலும், லிஃப்ட் நின்றாலும், மேலதிகாரிக்கு மூச்சே நின்றுவிடும் போலிருந்தாலும் "ஆயிடும்" என்பார். பெரும்பாலும் ஆகியும் விடும். அவர் எதையும் செய்ததால் அல்ல. பக்கத்தில் யாராவது ஓடிப்போய்ச் செய்ததால். இந்த வித்தியாசம் அவருக்கு மட்டும் தெரியாது.

இப்போதும் மனைவியே உள்ளேயிருந்து ஓங்கி ஓர் உதை விட, கதவு படாரென்று திறந்துகொண்டது.

"பார்த்தியா?" என்றார் ஆயிடும் சார்.

கதவுக்கு அவசரம் இருந்தது. அவருடைய அக்கா வரப்போகிறாள். விருந்தாளியாக இல்லை, ஒரேயடியாக இங்கேயே வந்து தங்குவதற்கு. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், ஊரின் மறுகோடியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். அந்தத் 'தனியாக'வை நினைத்தாலே தம்பிக்கு மனசு கேட்காது. ஒரு நாள் நேரே போய் அறிவித்துவிட்டார்.

"இந்த வீட்டைக் காலி பண்ணிட்டு எங்ககூட வந்துடு. பின்னாடி ரூம் உனக்குத்தான். மறுபேச்சு கிடையாது."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் அவரை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள். தம்பி முகம் வாடினால் அவளுக்குப் பொறுக்காது.

"முதல்ல ரூமைச் சரி பண்ணுடா. அப்புறம் பார்க்கலாம்" என்றாள்.

"அண்ணிக்கு இங்க வர இஷ்டமான்னு கேட்டீங்களா?" என்று மனைவி ஒரு தடவை கேட்டாள்.

"இதெல்லாம் கேக்கணுமா? அவ என் அக்கா!"

தெருமுனையில் ஒரு சிறிய கட்டட நிறுவனம் இருந்தது. பராமரிப்பு, புதுப்பித்தல், விரிவாக்கம் என்று போர்டு சொன்னது. நிறுவனம் என்பது ஒரு மேஸ்திரியும், அவர் சொன்னால் வருகிற சில ஆட்களும், ஒரு கலவை இயந்திரமும். மேஸ்திரி காதில் பென்சிலோடு வந்தார். கதவைத் தட்டினார், தடவினார், கீல் பக்கம் காதை வைத்துக் கேட்டார். டாக்டர்களே இப்போதெல்லாம் இவ்வளவு பார்ப்பதில்லை.

"ஈரத்துல ஊதியிருக்கு சார். ஓரத்தை லேசா இழைச்சு விட்டா போதும். நீங்க குடிக்கிற டீ ஆறறதுக்குள்ள முடிச்சிடலாம்."

அந்தத் தன்னம்பிக்கை ஆயிடும் சாருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. தன் ஜாதகத்தில் பிறந்த இன்னொருவரைப் பார்த்தது போலிருந்தது.

மேஸ்திரி இழைத்தார். கதவு இப்போது வெண்ணெய் மாதிரி சாத்திக்கொண்டது. சாத்திக்கொண்ட பிறகு தானாகவே திறந்தும் கொண்டது. இழைத்த இழைப்பில் தாழ்ப்பாள் எட்டவில்லை. கீலைக் கொஞ்சம் தள்ளிப் பொருத்தினால் எட்டும் என்று ஸ்குருவைக் கழற்றினார். ஸ்குருவோடு நிலையின் ஒரு பகுதியும் பொலபொலவென்று வந்தது. உள்ளே முழுக்கக் கரையான்.

"கதவுல ஒண்ணுமில்ல சார். வியாதி நிலையில இருக்கு" என்றார் மேஸ்திரி.

"அப்ப நிலையை மாத்திடுங்க. ஆயிடுமில்ல?"

"ஆயிடும் சார்."

நிலையைக் கடப்பாரையால் நெம்பியபோது, அதைத் தொட்டுக்கொண்டிருந்த டைல்ஸ் கீழே விழுந்தது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த டைல்ஸ், இது மட்டும் தனியாக விழுவதா என்று கூடவே விழுந்தது. விழுந்த டைல்ஸ் மாதிரி இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. ஆகவே விழாததையும் பெயர்க்க வேண்டியதாயிற்று. புது டைல்ஸ் பழையதைவிடத் தடிமன். ஒட்டி முடித்துப் பார்த்தால் தரை உயர்ந்துவிட்டது. புத்தம் புது நிலையில் மாட்டிய கதவு தரையில் இடித்துக்கொண்டு, பாதி வரைக்கும் போய் நின்றது.

"இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே" என்றாள் மனைவி.

கதவின் அடியை அறுத்தார்கள். எல்லாம் முடிந்தது. ஆயிடும் சார் பெருமை பொங்க அக்காவை அழைத்துவந்து காட்டினார்.

அக்கா, பள்ளிக்கூடத்தைச் சோதனை போட வந்த அதிகாரி மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தாள். குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு மக்குத் தண்ணீரை எடுத்துத் தரையில் ஊற்றினாள். தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. பிறகு, போக வேண்டிய துவாரத்துக்கு முதுகைக் காட்டிவிட்டு, வாசற்படியைத் தாண்டி, அறைக்குள் நிதானமாக நடந்துவந்து, புதுக் கட்டிலின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"தண்ணி ஓடுற வாட்டம் எந்தப் பக்கம்பா விட்டிருக்கே?" என்று அக்கா மேஸ்திரியைக் கேட்டாள்.

மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் காதிலேயே வைத்துக்கொண்டார்.

ஆயிடும் சாருக்கு அப்போதுதான் அந்த அருமையான யோசனை தோன்றியது. ஆயிரம் பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைத்தவள் அக்கா. இந்த ஒரு மேஸ்திரி எம்மாத்திரம்?

"அக்கா, இவர் நம்பரை வச்சுக்கோ. நான் ஆபீஸ் போயிடுறேன். தினமும் நீயே ஒரு போன் போட்டு இவரை விரட்டு. உன் ரூம், உன் இஷ்டப்படி வரட்டும்."

"நானா?"

"நீ ஒரு அதட்டல் போட்டா வேலை பறக்கும் பாரு."

அக்கா நம்பரை வாங்கிக்கொண்டாள். போகும்போது வாசலில் நின்று மேஸ்திரியிடம் ஏதோ கண்டிப்பாகச் சொன்னாள். மேஸ்திரி கைகட்டித் தலையாட்டினார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த தம்பிக்கு உச்சி குளிர்ந்தது.

வேலை நிஜமாகவே பறந்தது. மறுநாள் அவர் அலுவலகத்திலிருந்து வந்தபோது குளியலறைக்குத் தரையே இல்லை.

"வியாதி கதவுலயும் இல்ல, நிலையிலயும் இல்ல சார். தரையிலதான்" என்றார் மேஸ்திரி. பழைய தெம்பு திரும்பியிருந்தது. "வயசானவங்க புழங்குற இடம். அக்கா மேடம் ரொம்பக் கறாரா சொல்லிட்டாங்க."

தரையைத் தோண்டியதில் பைப் உடைந்தது. அந்தப் பைப் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டு போனதில் அது சமையலறைச் சுவருக்குள் நுழைந்திருந்தது. சமையலறைச் சுவரைத் திறந்தார்கள். மனைவி அடுப்பைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, டிவிக்குப் பக்கத்தில் வைத்துச் சமைத்தாள். செய்தி வாசிப்பவர் முகத்தில் ஆவி பறந்தது.

"சுவரைத்தான் திறந்தாச்சே, அப்படியே அங்க ஒரு ஜன்னல் வச்சிடுங்களேன். கல்யாணம் ஆனதிலேருந்து கேக்கறேன்" என்றாள் மனைவி.

"தாராளமா வச்சிடலாம்மா. மேடமும் அதையேதான் சொன்னாங்க."

ஜன்னல் வந்தது. வெளிச்சமும் காற்றும் வந்தன. மனைவி வாழ்நாளில் முதல்முறையாக மேஸ்திரிக்கு இரண்டாவது டம்ளர் டீ கொடுத்தாள். ஆனால் ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் போடும்போது மின்சாரக் கம்பி ஒன்று குறுக்கே வந்தது. அதைத் தள்ளி வைக்கப் போனதில் பாதி வீடு இருண்டது. வயரிங்கை மாற்றியதில் சுவர் முழுக்கக் கோடு கோடாகப் பள்ளம். பள்ளத்தை அடைத்துப் பூசியதில் பழைய பெயின்டும் புதிய பூச்சும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டன. முழு வீட்டுக்கும் பெயின்ட் என்று ஆயிற்று.

ஆயிடும் சார் சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவில் படுத்து எழுந்தார். தலையில் வெள்ளைத் தூசியோடு அலுவலகம் போனதில், ஒரே மாதத்தில் இப்படி நரைத்துவிட்டதே என்று மேலதிகாரி தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். ஆனாலும் அவர் அசரவில்லை. எல்லாம் அக்காவுக்காக.

அடிக்கடி அவளுக்குப் போன் செய்து தெம்பு சொல்வார்.

"கொஞ்சம் பொறுத்துக்கோக்கா. இன்னிக்குக் கைப்பிடி வைக்கிறாங்க."

"எனக்கொண்ணும் அவசரமில்லடா. நிதானமா செய்யட்டும். கைப்பிடி ரெண்டு பக்கமும் வேணும்னு சொல்லியிருக்கேன்."

பின்னணியில் பல பேர் கைதட்டிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"டிவி போட்டிருக்கியா அக்கா?"

"ம்? ஆமாமா, டிவிதான்."

போனை வைத்துவிட்டு ஆயிடும் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தன்னந்தனியா உக்காந்து சிரிப்பு நிகழ்ச்சி பாக்கறா, பாவம்" என்றார். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்து, அடுப்பில் பொங்கியதைப் பார்க்கப் போய்விட்டாள்.

கைப்பிடிக்காகச் சுவரில் துளை போட்டார்கள். மறுபக்கம் அவருடைய அலமாரிக்குள் டிரில் எட்டிப் பார்த்து, அவருடைய ஒரே கோட்டை அதன் முதுகில் குத்தியது. அலமாரியை நகர்த்தினார்கள். அதற்குப் பின்னால் ஓதம் ஏறிய சுவர், மேகம் போலக் கருத்து நின்றது. மேஸ்திரி அந்தச் சுவரை, நீண்ட காலம் பிரிந்திருந்த உறவினரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இது மொட்டை மாடியிலேருந்து வருது சார்" என்றார் அன்பாக.

அன்றுதான் ஆயிடும் சாரின் பொறுமை எல்லையைத் தொட்டது. அவர் லீவு போட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக, ஆகும் என்று சொல்லாமல் ஆக்கிக் காட்டுவது என்று முடிவு செய்தார். காலையில் மேஸ்திரிக்கு முன்னால் மாடிக்குப் போய் நிற்பார். ஆட்கள் மம்பட்டியை வைத்தால் இவர் எடுப்பார். கலவை ஆள் வரவில்லையென்றால் இவரே மணல் சலிப்பார். "இங்கயும் கொஞ்சம் உடைச்சுப் பார்த்துடலாமா சார்?" என்று மேஸ்திரி சுத்தியலைத் தூக்கினால், குறுக்கே கையை நீட்டி, "முதல்ல உடைச்சதைப் பூசுங்க" என்பார்.

மேஸ்திரி நடுநடுவே போனை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய், மெதுவான குரலில் பேசிவிட்டு, கலங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்.

"அக்கா பிடிச்சு உலுக்கறாளா?" என்று சிரித்தார் ஆயிடும் சார்.

"ரொம்ப சார். பதில் சொல்லி மாளல."

"அப்படித்தான். சின்ன வயசுல நானும் அனுபவிச்சிருக்கேன்."

வேலை முடிந்தது. உண்மையாகவே முடிந்தது. ஆயிடும் சார் ஒவ்வொன்றாகச் சோதித்தார். கதவு சாத்தியது, தாழ்ப்பாள் விழுந்தது, மறுபடியும் திறந்தது. மக்கால் தண்ணீர் ஊற்றினார். துவாரம் எங்கே என்று கேட்காமலே அது போய்ச் சேர்ந்தது. பெரிய ஜன்னல், இரண்டு பக்கமும் கைப்பிடி, கால் வழுக்காத தரை, கட்டிலருகே விளக்கு. ராணியே வந்து தங்கலாம். ஆயிடும் சார் தன் காய்த்துப்போன உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் யாரும் ஓடிவந்து செய்துகொடுக்கவில்லை. இதை அவரே செய்தார்.

மனைவிகூட, "பரவாயில்லையே! நிஜமாவே ஆயிடுச்சு" என்றாள்.

அவர் அங்கேயே நின்று அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, ரூம் ரெடி! சனிக்கிழமை வண்டியோட வர்றேன். சாமானெல்லாம் கட்டி வை."



"முழுசா முடிஞ்சிடுச்சாடா?"

"ஒரு ஆணி பாக்கியில்ல!"

"நல்லாப் பாத்தியா? ஜன்னல் ஓரமெல்லாம்?"

"எல்லாம் பாத்தாச்சு. இனிமே நீ ஒரு நிமிஷம்கூடத் தனியா இருக்க வேண்டாம்."

"சரிடா" என்றாள். குரல் கம்மியிருந்தது. சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று மனைவியிடம் சொன்னார்.

மேஸ்திரி ஏணியில் நின்று, கூரையோரத்தில் கடைசிக் கோட்டுக்குப் பெயின்ட் இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் பெயின்ட். கீழே ஜன்னல் கட்டையில் அவருடைய போன் துள்ளித் துள்ளி அடித்தது.

"சார், கொஞ்சம் அமுக்கி ஸ்பீக்கர்ல போடுங்களேன். பெயின்ட் கடைக்காரனாத்தான் இருக்கும்" என்றார் மேஸ்திரி, திரும்பிப் பார்க்காமல்.

ஆயிடும் சார் உற்சாகமாக அமுக்கினார். 'ஹலோ' என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், பின்னணியில் பல பேர் சிரித்துப் பேசுகிற சத்தத்தோடு அக்காவின் குரல் அறை முழுவதும் அதிர்ந்தது.

"ஏம்ப்பா மேஸ்திரி, உன்னை நம்பித்தானே நான் இங்க நிம்மதியா இருந்தேன்! இப்படி முடிச்சுக் குடுத்துட்டியே, இடிக்கிறதுக்கு ஒரு சுவர்கூடவா பாக்கியில்ல அந்த வீட்டுல?"