எமகண்டம் முடியட்டும் என்று உட்கார்ந்த பாறை

சும்மா உட்காருவதில் என்னை மிஞ்ச எங்கள் தீவில் ஆள் கிடையாது. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். தண்ணீர்மலைத் தோட்டத்தில் எந்த மரத்தடியில் காற்று வரும், பத்து பிரிங்கி கடற்கரையில் எந்தப் பாறைக்கு உச்சிவெயிலிலும் நிழல் இருக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. மற்றவர்கள் லங்காவி, பாலி என்று பெட்டி கட்டுவார்கள். நான் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

அப்படிப்பட்ட நான்தான், சம்பந்தியாகப் போகிறவரைக் கொண்டுபோய்க் கடலுக்கு நடுவில் உட்காரவைத்தேன்.

என் மகள் சுமதிக்குப் பையன் அமைந்துவிட்டான். அவளே பார்த்துக்கொண்ட பையன், தங்கமான பையன். ஒரே ஒரு சிக்கல். பையனின் அம்மா ராஜம்மாவுக்குக் கடலுக்கு அக்கரையில், பாலம் தாண்டி, செபராங் ஜெயாவில் வீடு. கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைகள் அங்கேதான் இருக்கவேண்டும் என்றார். எனக்கோ மகள் பாலத்துக்கு அந்தப் பக்கம் போவது, வேறு நாட்டுக்குப் போகிற மாதிரி. (பாலம் ஏறினால் அரை மணி. ஆனாலும் வேறு நாடுதான்.)

"தீவுல என்னா இருக்கு? ரோடு முழுக்கக் காடி ஜாமும் டூரிஸ்ட்டுந்தான்" என்று போனில் சிரித்தார் ராஜம்மா.

எனக்குச் சுருக்கென்றது. "ஒரு நாள் வந்து பாருங்க, காட்டுறேன்" என்றேன்.

பேச்சை எப்படி நடத்துவது என்று திட்டம் போட்டேன். நாள்காட்டியில் நான் எழுத்துக்கூட்டி வாசிப்பது ஒரு கட்டத்தை மட்டும்தான், ராகுகாலம் எமகண்டம் போட்டிருக்கும் கட்டம். ஞாயிறு பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டம். சரி, அதற்கு முன்னால் போய் உட்கார்ந்து, அமைதியாகச் சாப்பிட்டு, எமகண்டம் கழிந்ததும் பேச்சை எடுப்பது. இதைவிடப் பக்குவமாக ஒரு காரியத்தை யாரால் நடத்த முடியும்?

சிறுசுகள் எங்களைக் கடற்கரையில் இறக்கிவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறோம் என்று காரில் போய்விட்டார்கள். நான், என் வீட்டுக்காரர், ராஜம்மா, மூன்று பேர். சம்பந்தம் பேசுகிற நாள் என்று ராஜம்மா பட்டுப்புடவையில் வந்திருந்தார். நானும் சளைத்தவளா? நானும் பட்டுதான்.

தண்ணீர் வற்றிக் கிடந்தது. ஈர மணலில் நடந்துபோய், எனக்குப் பிடித்த பெரிய பாறையில் ஏறிப் பாயை விரித்தேன். கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார மீனவர், தண்ணீர் ஏறப்போகிறது என்று அவர் பாஷையில் சத்தம் போட்டார். "தெரியும் அபாங், தெரியும்" என்று அவர் பாஷையிலேயே அண்ணன் முறை வைத்துக் கையை ஆட்டினேன். இந்தக் கடலைப் பற்றி எனக்கே பாடமா?

புளிச்சோறும் கோழிப் பிரட்டலும் பிரித்தோம். தலைக்கு மேல் கடல்கழுகு ஒன்று வட்டமடித்தது. பாறையிடுக்கில் நண்டுகள் எட்டிப் பார்த்தன. ராஜம்மா இன்னொரு கரண்டி புளிச்சோறு போட்டுக்கொண்டார். நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்தார். "பாக்கியம், நாம நடந்து வந்த மணலக் காணோம்லா."

திரும்பினால் பாறையைச் சுற்றித் தண்ணீர். கலங்கல் தண்ணீர், அடி தெரியவில்லை.

"கெளம்புவமா?" என்றார் ராஜம்மா.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "எமகண்டம் இன்னும் முடியலையே. இப்ப எறங்குனா போற காரியம் வெளங்குமா? கொஞ்சம் பொறுங்க."

"எமன் எமகண்டத்துல வருவானா, எமகண்டம் முடிஞ்சு வருவானான்னு பாத்துக்கலாம்" என்று என் வீட்டுக்காரர் இன்னொரு கோழித்துண்டை எடுத்தார். (அந்த மனுஷனுக்கு வெள்ளம் வந்தாலும் சாப்பாடு முதலில்.)

அலை ஒன்று வந்து, கீழே கழற்றி வைத்திருந்த ராஜம்மாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டும் ஜோடியாகக் கிழக்கே மிதந்தன.

"பாத்தீங்களா? என் செருப்புக்குக்கூட எங்க வீட்டுப் பக்கந்தான் புடிக்குது" என்றார் ராஜம்மா.

"செருப்பு போவட்டும் சம்பந்தி. காலு இங்கதானே இருக்கு" என்றேன். விட்டுக்கொடுப்பேனா?

ஒன்றரை ஆனது. நாலு பக்கமும் கடல். நான் முந்தானையை இழுத்துச் செருகி, தொண்டையைச் செருமி, முறைப்படி ஆரம்பித்தேன். "நல்ல நேரம் பொறந்திருச்சு. புள்ளைங்க எங்க குடியிருக்கறதுன்னு பேசலாமா?"

ராஜம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்திரிச்சுப் போக வழியில்லாத எடத்துல உக்கார வச்சு சம்பந்தம் பேசறதுதான் தீவு வழக்கமா?"

என் மகளின் வாழ்க்கையை நானே கடலில் கரைத்துவிட்டேன் என்று தோன்றியது. ராஜம்மா காலை நீட்டி, கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அப்படியே வெகுநேரம் இருந்தோம்.

கடைசியில் அந்த மீனவர் படகைக் கொண்டுவந்தார். கரையில் கூட்டம் கூடிவிட்டது. அதில் சுமதியும் மாப்பிள்ளையும், கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி. வழிகாட்டி நான்தானே, முதலில் நானே இறங்கிக் காட்டுகிறேன் என்று ஒரு காலைப் படகில் வைத்தேன். என் எடைக்குப் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் மறுபக்கம் சாய்ந்தேன். தொபுக்கென்று கடலில்.

"ஐயோ, முழுகுறேன்! சுமதீ!" என்று கத்தினேன். கொண்டை அவிழ்ந்தது. பட்டு குடை மாதிரி விரிந்தது.

மீனவர் அமைதியாகச் சொன்னார், எழுந்து நில்லுங்கள் என்று.

எழுந்து நின்றேன். தண்ணீர் இடுப்பளவு.

இவ்வளவு நேரம் இடுப்பளவுத் தண்ணீருக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறோம்! கரையில் கைதட்டல். பாறைமேல் ராஜம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, படகு வேண்டாம் என்று அவரே பட்டோடு இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஊர்வலம் போகிற மாதிரி நடந்து கரையேறினோம்.

புடவையைப் பிழிந்துகொண்டே அவர் சொன்னார். "எங்க வீட்டச் சுத்திக் கடை இருக்கு, கிளினிக் இருக்கு, எல்லாம் இருக்கு. சும்மா உக்கார ஒரு எடம் இல்ல. எங்க வீட்டுக்காரரு தவறிப் போனதுக்கப்புறம் நான் இவ்ளோ நேரம் சும்மா உக்காந்ததே இன்னிக்குத்தான். புள்ளைங்க இங்கயே இருக்கட்டும். நான் வந்து போறேன்."

எமகண்டத்தில் இறங்கியிருந்தால் இது நடந்திருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் ராஜம்மா வந்துவிடுவார். வீட்டில் யார் எங்கே புறப்பட்டாலும், "நல்ல நேரம் பாத்தாச்சு, தண்ணி பாத்தாச்சா?" என்று என்னைக் கிண்டல் செய்யாமல் வாசல் தாண்டுவதில்லை. செபராங்கிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் ராஜம்மாவே அவர்களை அந்தப் பாறைக்கு அழைத்துப்போய்க் கதை சொல்வார். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. போன மாதம் கழுத்துவரை வந்துவிட்டது. நான் திருத்துவதில்லை. ஏனென்றால் கதையை முடித்துவிட்டு, கடலைக் காட்டி அவர் சொல்கிறார்:

"எங்க தீவு மாதிரி வருமா?"