பாவடியில் முளைத்த வளையம்

ராசிபுரம்,
வெகுதானிய வருஷம், ஐப்பசி.

மதிப்பிற்குரிய குழந்தைவேல் மாமாவின் திருச்சமுகத்துக்கு, மருமகள் சாரதாமணி வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை, எழுதிவிட்டேன். ஆனால் என் படிப்புக்குச் சுகமில்லை. நீங்கள் சேலத்திலிருந்து வந்து அப்பாவிடம் பேசாவிட்டால் அது போய்விடும்.

மழை விட்ட மறுநாள், நம் நெசவுத் தெருக்காரர்கள் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடும் பாவடியில், வெள்ளைக் காளான்கள் காம்பஸ் வைத்து வரைந்தது போல் வட்டமாக முளைத்திருந்தன. சென்றாயன் பெரியப்பா பார்த்துவிட்டு, "ஆரோ செய்வினை வெச்சிருக்கறாங்க, உள்ளார காலை வெக்காதீங்க" என்றார். அதோடு யாரும் பாவு நீட்டவில்லை. பாவு இல்லாமல் தறி எப்படி ஓடும்? தெருவே சத்தமில்லாமல் போனது எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தைப் போக்கத்தான் நீங்கள் கொடுத்த சயன்ஸ் புத்தகத்தோடு போனேன். "பெரியப்பா, இது மண்ணுக்கடியில நூல்நூலாப் படர்ந்து வெளிவட்டமா முளைக்குதுங்க. ஒவ்வொரு காம்புலயும்கூட ஒரு வளையம் இருக்குது பாருங்க. அதுக்கு அன்யுலஸ்னு பேரு, லத்தீன்ல சின்ன மோதிரம்னு அர்த்தம்" என்றேன். "பேரு வேற இருக்குதா? பேரு இருந்தா ஆளும் இருக்குமில்ல!" என்று அவர் ஓரடி பின்னால் போனார். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வளையம் பொல்லாததில்லை, வெட்டின மரத்தில் இருக்கிறது, மண்புழு உடம்பில் இருக்கிறது, ஏன், வானத்தில் சனிக்கே வளையம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சனி என்றதற்கு மேல் ஒருவரும் நிற்கவில்லை மாமா. கந்தவேல் மகள் புத்தகம் படித்துச் சனியைப் பாவடியில் இறக்கிவிட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு.

"படிச்சது போதும் சாமி, ஊட்டுல உக்காந்து தறிக்கு நூல் தார் சுத்து" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். பயந்துபோய்ச் சொன்னார். அதனால் எனக்கும் அந்த வட்டம் தினம் பெரிதாவது போலவே தெரிகிறது. சனியின் வளையம் சனியிடமே பத்திரமாக இருக்கிறது என்று நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எப்போதையும்விட இப்போது அதிகம் வேண்டும்.

இப்படிக்கு,
சாரதாமணி.

பின்குறிப்பு: மாமா, வர வேண்டாம். நேற்று எழுதியதைத் தபாலில் போடுவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. இன்று காலை எதிர்வீட்டு வள்ளியாத்தாள் அத்தை, "சனி ஒருத்தர் தலையில உழுந்தாத்தானே பாரம்? ஊட்டுக்கு ஊடு பங்கு வெச்சுத் தின்னுபோடலாம்" என்று அத்தனை காளானையும் பிடுங்கிக் கொடுத்துவிட்டார். தெருவே குழம்பு வைத்தது. பாவடியில் மறுபடி பாவு நீட்டிவிட்டார்கள். அப்பா இரண்டாம் தரமும் குழம்பு ஊற்றிக்கொண்டு, "நாளைக்குப் பள்ளிக்கூடம் போ சாமி" என்றார். சந்தோஷத்தில் புத்தகத்தை எடுத்து அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். வட்டமாக முளைத்து, காம்பில் வளையமும் உள்ள வெள்ளைக் காளானில் விஷமுள்ள ஜாதி உண்டு, தெரியாமல் உண்ணலாகாது என்று போட்டிருக்கிறது. சொன்னால் படிப்பு போகும். ஆனால் அப்பா சொம்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் கொல்லைப்பக்கம் ஓடுகிறார். சொல்லிவிடத்தான் போகிறேன் மாமா. டாக்டரோடு முதல் பஸ்ஸில் வாருங்கள். எனக்கும் வயிறு கலக்குகிறது. காளானாலா, பயத்தாலா என்று தெரியவில்லை.